இரக்கம் மட்டும் போதுமா?

மேட்டூர் அணை திறந்துவிட்டால் தஞ்சைத் தரணியில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. காவிரியின் கருணையைப் பாடுவர். கழனியின் எழிலைப் பாடுவர். கதிரின் அழகைப் பாடுவர். அந்தக் கதிரை விளைவிக்க விடியல் முதல் அந்தி வரை சேற்றில் நிற்கின்றனவே இரண்டு கால்கள், அவற்றைப் பாடினோர் யார்? பாட வேண்டாம், பார்த்தவராவது யார்?

பாருங்கள், தோழர்களே! நாளெல்லாம் நீரில் ஊறிய விரலிடுக்கு வெளுத்து, நைந்து, வெடித்திருக்கும். சேற்றுப்புண் என்பது அதன் பெயர். நடவு நடும் பெண்கள் மருதாணியை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்குவர். "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கத் தோன்றும். ஒரு நெல்மணியும் நுழைய முடியாத வெடிப்புத்தான். ஆனால் கிருமிக்கு அதுவே கோட்டை வாயில்!

கும்பகோணம் என்றதும் வெற்றிலையை நினைப்போர் உண்டு. யானைக்காலை நினைத்த காலமும் உண்டு. சாக்கடையில் பெருகும் கொசு, நுண்புழுவை உடலில் விதைக்கிறது. புழு நிணநீர்க் குழாய்களைப் பழுதாக்குகிறது; நீர் வடிய வழியின்றிக் கால் வீங்குகிறது. இது பலரும் அறிந்தது. ஆனால் புழு மடிந்த பின்னும் ஆண்டுக்கு ஆண்டு கால் பருப்பது ஏன்? குளிர்காய்ச்சலும் நெறிகட்டலும் மீண்டும் மீண்டும் வருவது ஏன்? 1990களில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜமாலும், போலந்து நாட்டு ஆய்வாளர் ஓல்ஷெவ்ஸ்கியும், அவர்தம் குழுவினரும் இந்நோயாளிகளின் தோலையும் நிணநீரையும் சோதித்தனர். அங்கே பாக்டீரியாக்களைக் கண்டனர். விரலிடுக்கு வெடிப்பின் வழியே நுழையும் கிருமி, ஒவ்வொரு காய்ச்சலிலும் காலை மேலும் கெடுக்கிறது. வாயிலை அடைத்தால் காய்ச்சல் குறையும். வீக்கம் வளர்வதும் தடைப்படும்.

இதை அறியாத நாளில் அந்தக் காலுக்கு இரண்டே விடைகள் கிடைத்தன. "ஊழ்வினை" என்றான் ஒருவன். "ஐயோ பாவம்" என்றான் மற்றவன். முன்னவனை நாம் நன்கு அறிவோம். அவனோடு வாதிட்டுப் பழகியவர்கள் நாம். இரண்டாமவன் நல்லவன். ஆயினும் கேட்கிறேன்: இரக்கம் மட்டும் போதுமா?

பிள்ளையின் வெட்டுக்காயத்தில் சாணச் சாம்பலை அப்பும் தாயின் அன்பை ஐயுற முடியுமா? ஆனால் சாணத்தில் குடியிருக்கும் இசிவுநோய்க் கிருமி, அன்பைக் கண்டு அஞ்சுவதில்லை. இவள் பட்டிக்காட்டுத்தாய் என்று எள்ளிவிட வேண்டாம். மருத்துவமனைகளிலும், புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்துவதே முறை என்று நெடுங்காலம் நம்பினர். உலர்ந்து ஒட்டிய துணியைப் பிய்க்கையில், அதனோடு புதுத்தசையும் பிய்ந்து வந்தது. 1962இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் வின்டர் என்பார் பன்றிகளின் தோலில் ஆய்ந்து, மூடி ஈரப்பதம் காத்த புண்ணில் ஏறக்குறைய இருமடங்கு விரைவில் புதுத்தோல் படர்வதைக் காட்டினார். எனவே, பகுத்தறிவு கோயில் வாசலில் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியன்று. வெள்ளுடையைப் பார்த்தும் கேட்க வேண்டிய கேள்வி. அதற்காக எல்லாவற்றையும் ஈரமாக வைத்திருப்பதா? விரலிடுக்கு உலர்ந்திருக்க வேண்டும். புண்ணின் தசை ஈரம் காக்க வேண்டும். எது எங்கே என்று பிரித்தறிவதே அறிவு. வழக்கத்துக்கு அந்தக் கண் இல்லை.

சரி, அறிவு மட்டும் போதுமா? அதுவும் போதாது! வேலூரில் மருத்துவர் பால் பிராண்டு, 1946க்குப் பின் தொழுநோயாளரின் கைகளைப் பற்றிப் பார்த்தார். விரல்களை நோய் தின்னவில்லை. நரம்பு மரத்து, வலி தெரியாமல், காயங்கள் கவனிப்பாரற்றுப் போனதாலேயே விரல்கள் அழிந்தன என்று கண்டார். தொட மறுத்த உலகம் அந்த உண்மையை எப்படிக் கண்டிருக்க முடியும்?

பிரமன் முகத்தில் ஒருவன் பிறந்தான், பாதத்தில் ஒருவன் பிறந்தான் என்று கதை கட்டிய நாடு இது. சேற்றில் உழைத்தவன் செருப்பணிந்து தெருவில் நடக்கத் தடை விதித்த ஊர்கள் இருந்த நாடு. 1940களில் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டு போராடும் வரை, சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் இத்தஞ்சை மண். இங்கே ஒரு செவிலி, உழவனின் பாதத்தைக் கையில் ஏந்தி, விரலை விரித்து, இடுக்கைப் பார்க்கிறாளே, அது மருத்துவம் மட்டுமா? காலங்காலமாகச் சொன்ன பொய்க்கு, பேசாமல் தரும் மறுப்பு அது!

அவளைத் "தெய்வம்" என்கிறோம். வணக்கம் மலிவு, ஆள் வைப்பதுதான் செலவு! படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வைத்தால்தான் படுக்கைப்புண்ணைத் தடுக்கலாம். கூடம் நிறைய நோயாளிகளை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, புண் வந்த பின் அவளையே பழிப்பது எவ்வகை அறம்? தெய்வத்துக்கு ஊதியம் வேண்டாம், ஓய்வு வேண்டாம், உதவிக்கு ஆள் வேண்டாம் என்று சொல்வதற்கா அந்தப் பட்டம்?

செவிலியின் அறிவும் மந்திரம்போல் மறைந்திருக்கக் கூடாது. தூய நீரும் சோப்பும் கொண்டு காலையும் மாலையும் காலைக் கழுவுதல்; மெல்லிய துணியால் விரலிடுக்கின் ஈரத்தை ஒற்றியெடுத்தல்; வெடிப்புக்குக் களிம்பிடுதல்; அமரும்போது காலை உயர்த்தி வைத்தல்; சேற்றை விட்டு ஏறியதும் செருப்பணிதல். இவ்வளவுதான் பாடம். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் மருத்துவர் ஜெருசா ட்ரேயர் இதைத்தான் கற்பித்தார். நோயாளிகளே சங்கமாகக் கூடி ஒருவருக்கொருவர் துணைநின்றனர். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், செவிலியரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலுக்கு வந்த அறிவை வீட்டுக்குள் அழைப்பது நம் வேலை.

இளைஞர்களே! மேடையில் நாம் சமத்துவம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், திண்ணையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் பாட்டியின் விரலிடுக்கை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் ஒரு குவளை நீரும், ஒரு துண்டு சோப்பும் எடுத்து வாருங்கள். பேசியது உண்மைதானா என்பதை அந்தப் பாதம் சொல்லிவிடும்.