தானமும் கையெழுத்தும்

தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-லேயே வந்துவிட்டது. பூர்விகச் சொத்தில் அவளைப் பிறப்பினாலேயே பங்காளியாக்கியது தமிழ்நாட்டின் 1989 திருத்தம். ஆனால் அதற்குமுன் மணமானவர்களை அது விலக்கிவைத்தது. மத்திய அரசின் 2005 திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அன்று தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று.

இருந்தும், இறந்தவரின் டெபாசிட்டைச் சகோதரன் பெறுவதற்காக, தங்களுக்கு உரிமை வேண்டாமென்று சகோதரிகள் எழுதித் தரும் கடிதங்களை வங்கியில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிலமென்றால் இதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். விடுதலையாவது சொத்து.

அன்பினால் விட்டுக்கொடுக்கிறாள், இதில் சட்டத்திற்கு என்ன வேலை என்பார்கள். அவள் அன்பு பொய்யல்ல. ஆனால் கொடாமலிருக்கும் சுதந்திரம் உள்ளவரால்தான் தானம் செய்ய முடியும். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் இல்லாமல் போவான் என்றிருக்கையில் இடும் கையெழுத்து, உறவு நீடிப்பதற்காகக் கட்டும் விலை. பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் அவன் அண்ணனாகவே இருக்கிறான்; அவனிடம் இந்த விலை கேட்கப்படுவதில்லை.

சீர் செய்தோமே என்பதும் பதிலாகாது. சீரின் அளவைக் கொடுப்பவன் தீர்மானிக்கிறான். பங்கு எவர் தயவையும் எதிர்பார்ப்பதில்லை.

விட்டுக்கொடுப்பது உயர்ந்த மதிப்பீடுதான். அது ஏன் எப்போதும் ஒரே திசையில் நடக்கிறது என்பதற்கு மரபு பதில் சொல்ல வேண்டும்.