குழந்தையின் குரல் எவருக்குச் சொந்தம்?

இசை ஆகுமா ஆகாதா என்பதில் நம் உலமாக்கள் நூற்றாண்டுகளாக ஆய்வு செய்துள்ளனர். அவ்வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. என்னை வாட்டும் வினா வேறு. களங்கமற்ற பிள்ளைகள் பாடும் பாட்டைக் கொடியவர் தம் பொய்க்குத் திரையாக்கினால், அப்பாட்டும் பொய்யாகிவிடுமா?

வெறும் தர்க்கத்துக்காகக் கேட்கும் கேள்வியன்று இது. செக் நாட்டு இசையறிஞர் ஹான்ஸ் கிராசா 1938-இல் 'புருண்டிபார்' என்னும் சிறார் இசைநாடகத்தை இயற்றினார். நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கக் காசில்லாத சிறுவனும் சிறுமியும் சந்தையில் நின்று பாடுகின்றனர். இசைப்பெட்டி சுழற்றிப் பிழைக்கும் புருண்டிபார் அவர்களை விரட்டுகிறான். ஊர்ப் பிள்ளைகள் திரண்டு ஒரே குரலாய்ப் பாட, அவன் தோற்கிறான். கதை இவ்வளவே.

கிராசா யூதர். நாஜிகள் அவரைத் தெரேசின் முகாமில் அடைத்தனர். அங்கே சிறைப்பட்டிருந்த சிறார்களைக் கொண்டு, கிடைத்த கருவிகளுக்கேற்ப இசையை மாற்றியமைத்து, 1943 செப்டம்பர் 23 அன்று அந்நாடகம் அரங்கேறியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை நடந்தது. கிழக்கே செல்லும் ரயில்கள் பாடும் பிள்ளைகளை அள்ளிச் செல்லும். ஒழிந்த இடத்தில் வேறு பிள்ளைகள் வந்து நிற்பர். மேடையில் நிற்கும்போது மட்டும் மஞ்சள் நட்சத்திரத்தைக் கழற்றிவைக்க அனுமதி இருந்தது என, பூனை வேடமிட்டு உயிர் பிழைத்த பெண்மணி முதுமையில் நினைவுகூர்ந்தார்.

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் வந்தனர். நெரிசல் தெரியாதிருக்க, அதற்கு முந்திய மாதமே ஏறத்தாழ 7,500 பேர் ஔஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். கட்டடங்களுக்கு வண்ணம் பூசியாயிற்று, பூச்செடிகளும் நட்டாயிற்று. பிள்ளைகள் பாடிக் காட்டினர். வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போய் நல்லறிக்கை எழுதினர்!

பாட மறுத்திருக்கலாமே என்பார் உளர். வயிறார உண்டு, திண்ணையில் அமர்ந்து சொல்லும் சொல் அது. செயலை நிய்யத்தைக் கொண்டு எடைபோடும் மரபில் வந்தவர்கள் நாம். அப்பிள்ளைகளின் நிய்யத் யாது? கொடியவன் தோற்கும் கதையைக் கொடியவர் கண்முன்னே பாடுவது; அந்த ஒரு நாழிகை பிள்ளைகளாகவே இருப்பது. இதில் பொய் எங்கே? பொய், பாடியவர் நாவில் இல்லை. காட்டியவர் கையில் இருந்தது.

ஆயினும் இத்துடன் வழக்கு முடிந்ததாக என்னால் கொள்ள இயலவில்லை. கேட்டவர் செவிக்குப் பொறுப்பில்லையா? கூட்டுக் குரலுக்கு ஓர் இயல்பு உண்டு. மக்தபில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து ஓதுகையில், காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்த ஒருவனின் குரல் மற்றவர் குரலில் மறைந்துவிடும். ஓசை இனிமையாயிருக்கிறதென்று மகிழ்கிற உஸ்தாத் அவனை அறியமாட்டார். தனியே அழைத்து ஓதச் சொல்பவரே அறிவார். தெரேசினில் எவரும் ஒரு பிள்ளையையேனும் காவலரின்றித் தனியே நிறுத்தி, 'உன் தாய் எங்கே?' என வினவவில்லை. அமைச்சர் வருகைக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வாழ்த்துப் பாடச் செய்யும் நம் விழாக்களில் மட்டும் யார் வினவுகிறார்கள்?

கிராசா 1944 அக்டோபரில் ஔஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பாடிய பிள்ளைகளில் பெரும்பாலோரும் மடிந்தனர். இன்றும் பல நாடுகளில் சிறார் இசைக்குழுக்கள் இந்நாடகத்தைப் பாடுகின்றன. பாடும் பிள்ளைகளுக்கு அவ்வரலாற்றைச் சொல்லலாமா என்று ஆசிரியர்கள் தயங்கக்கூடும். சொல்லத்தான் வேண்டும் என்பேன்; ஆனால் பாட்டை முழுதும் கற்று, அதில் அவர்கள் மகிழ்ந்த பிறகு. கிராசா அதை முகாமுக்காக எழுதவில்லை, பிள்ளைகளுக்காகவே எழுதினார்.