கேள் என்னும் ஒரு சொல்

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் மூன்று பொருளைத் தாங்கி நிற்கிறது. காதால் ஓசையை உணர்வது ஒன்று. அறியாததை வினவுவது மற்றொன்று. உறவு என்பது மூன்றாவது. சுற்றத்தாரைக் ‘கேளிர்’ என்பது பழந்தமிழ் வழக்கு. ஒரு சிறு சொல்லுக்குள் செவியும் வினாவும் சுற்றமும் ஒருங்கே உறைவதை நாம் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பதில்லை. செவி கேளாத குழந்தையொன்று நம் வீட்டில் பிறக்கும்போதுதான் இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வளவு பற்றி நிற்கின்றன என்பது புலனாகிறது.

இத்தகைய குழந்தைகள் பலருக்கு இன்று காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. ‘குறை நீங்கிற்று’ என்று நாமும் மகிழ்கிறோம். மகிழ்ச்சி தக்கதே. ஆயின், குறை நீங்கிற்று என்னும்போதே நம் கடமையும் நீங்கிற்று என்று கொள்ளலாமா? இதுவே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

முதலில் ஓசையைக் காண்போம். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட உறுப்பொன்று உண்டு. ஆங்குள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஏறத்தாழ 15,000. ஒலியதிர்வை மூளை அறியும் மின்குறிப்பாக மாற்றுவன இவையே. இவை பெரிதும் பழுதுற்றால், ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் சொல் தெளிவதில்லை. அப்பணியைக் காக்ளியர் கருவி ஏற்கிறது. காதின் பின்னே அணியும் பகுதி ஒலியை வாங்கிப் பகுக்கிறது; காந்தத்தால் தலையில் ஒட்டி நிற்கும் வட்டு அதனைத் தோலின் உள்ளே பொருத்திய பகுதிக்கு அனுப்புகிறது; அங்கிருந்து நத்தைச் சுருளுள் செல்லும் மின்வாய்கள் செவிநரம்பைத் தூண்டுகின்றன. அம்மின்வாய்கள் பெரும்பாலும் 12 முதல் 22 வரையே. இயற்கை பல்லாயிரம் கொண்டு செய்ததை மனிதன் இருபதைக் கொண்டு செய்ய முயல்கிறான். இஃது அரிய வெற்றி. எனினும் அளவுடைய வெற்றி.

இவ்வெற்றியின் பின்னும் ஓர் உறவு நிற்கிறது. 1978இல் மெல்போர்ன் நகரில் பல மின்வாய்க் கருவியைப் பொருத்திய கிரீம் கிளார்க், செவித்திறன் குன்றிய மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகன். தந்தை பட்ட இடர்ப்பாட்டைக் கண்டு வளர்ந்த உள்ளமே பின்னர் அறிவியலாயிற்று.

இனி, கருவியோடு வாழும் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். துயில் எழும்போது குழந்தைக்கு உலகம் ஓசையற்றது. தாய் கருவியை அணிவித்த பின்னரே குக்கரின் சீழ்க்கையும் தெருவின் இரைச்சலும் பிறக்கின்றன. நீராடும்போது கழற்ற வேண்டும். மும்பை மழைக்காலத்து ஈரம் உள்ளே புகாதிருக்க, இரவில் உலர்பெட்டியில் வைக்க வேண்டும். தில்லிக் குளிரில் கம்பளிக் குல்லாய் வட்டினைத் தள்ளிவிடும். வகுப்பின் நடுவே பாட்டரி தீர்ந்தால் ஆசிரியரின் வாய் மட்டும் அசையும். அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும் பிள்ளை, மின்ரயில் பெட்டியிலும் திருமண மண்டபத்திலும் திகைத்து நிற்கும். மற்றவர் முயலாமலே கேட்பதை அப்பிள்ளை முயன்று கேட்கிறது. மாலையில் களைத்துப் போகிறது. அக்களைப்பை நாம் பிடிவாதம் என்றோ கவனக்குறைவு என்றோ கடிந்துகொள்வது எத்துணைக் கொடுமை!

மேலும் ஒன்று. மொழி வேரூன்றும் பருவம் மிக இளம்பருவமாதலின், பிறவியிலேயே கேளாத குழந்தைக்குக் கருவி காலந்தாழாது பொருத்தப்பட வேண்டும். குழந்தை வளர்ந்து தன் விருப்பத்தைக் கூறும்வரை காத்திருத்தல் இயலாது. ஆகவே பெற்றோரே முடிவு செய்கின்றனர். பிறர்பொருட்டு முடிவு செய்தவர் அம்முடிவின் சுமையையும் உடன் தாங்குதலே அறம். அறுவை அவ்வறத்தின் தொடக்கம், முடிவன்று.

சொல்லின் இரண்டாம் பொருளாகிய வினவுதல் இங்கே வருகிறது. உணவு வேளையில் எல்லாரும் சிரிக்கிறோம். கருவியணிந்த பிள்ளை, ‘எதற்குச் சிரித்தீர்கள்?’ என்கிறது. ‘ஒன்றுமில்லை, விடு’ என்கிறோம். நமக்கு அது சிறு சோம்பல். பிள்ளைக்கோ தன்முன் அடைக்கப்படும் கதவு. மும்முறை அவ்வாறு கேட்ட பிள்ளை நான்காம் முறை வினவுவதை நிறுத்திவிடும். புரிந்ததுபோல் தானும் சிரிக்கப் பழகிவிடும். அப்பொய்ச் சிரிப்பைக் கற்பித்தவர் யார்? நாமல்லவா? வள்ளுவர் ‘கேள்வி’ என 42ஆம் அதிகாரத்தை வகுத்து, நல்லுரை நுழையாத காதினைக் கேளாக் காதாகவே கருதினார். பிள்ளையின் வினாவுக்குச் செவி கொடாத நாமும் அவ்வரிசையில் நிற்கத் தக்கவரே.

மூன்றாவது, உறவு. பிறமொழி நிலத்தில் வாழும் நம்மை இது நேரே தொடுகிறது. ‘இக்குழந்தைக்கு ஒரு மொழியே போதும், பள்ளி மொழியையே வீட்டிலும் பேசுங்கள்’ என்னும் அறிவுரை முன்பு பரவலாகக் கூறப்பட்டது. நன்மை கருதியே கூறினர். அதனை ஏற்ற தாய், தடுமாறும் இந்தியில் பிள்ளையோடு பேசத் தொடங்கினாள். ‘வா’, ‘உண்’, ‘உறங்கு’ என்னும் ஏவல்கள் எஞ்சின; கொஞ்சலும் கதையும் கேலியும் வற்றின. ஊரிலிருந்து வந்த பாட்டியோ பெயரன் முன் ஊமையானாள். கருவியணிந்த குழந்தைகள் இரு மொழி கற்கவல்லவர் என்பதையும், வீட்டு மொழி பள்ளி மொழிக்குத் தடையாக வேண்டியதில்லை என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய் எந்த மொழியில் தளையின்றிப் பேசுகிறாளோ அந்த மொழியே குழந்தைக்கு நிறைவான உணவு.

கைம்மொழியையும் பகையாகக் கருத வேண்டுவதில்லை. கேளாமையைக் குறை என்னாது வேறொரு வாழ்முறை என்போரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. கருவியைக் கழற்றிய இரவிலும், அது பழுதுற்ற நாளிலும் பிள்ளை பிள்ளையாகவே இருக்கிறது. அப்பொழுது கையசைவாலும் முகக்குறிப்பாலும் பேசத் தெரியாத வீடு, பாதி நாள் பூட்டிய வீடேயாகும்.

2014இல் திருத்தப்பட்ட நடுவண் அரசின் உதவித் திட்டம், தகுதியுடைய குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை இக்கருவிக்கென வகை செய்தது. கருவியை அரசு தரலாம், வல்லுநர் பொருத்தலாம். ஆயின் சொல்லை யார் தருவது? முகம் பார்த்து, ஒருவர்பின் ஒருவராக, பொறுமையாகப் பேசுவதற்கு எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்க இயலாது. அது வீட்டாரும் அண்டை அயலாரும் நம் சங்கத்தில் கூடுவோரும் தர வேண்டிய கொடை.

அடுத்த முறை நம் விழா மண்டபத்தில் காதருகே கருவியணிந்த பிள்ளையைக் காணும்போது, ‘இப்போது நன்றாகக் கேட்கிறதா?’ என்று பெற்றோரை வினவாதிருப்போம். ஒலிபெருக்கியின் இரைச்சலை விட்டுச் சற்றே ஒதுங்கி, பிள்ளையின் முன் குனிந்து, அதன் பெயரைத் தமிழில் கேட்போம். மறுமொழி வரும்வரை காத்திருப்போம். கேளிர் என்பதற்கு அதுவே பொருள்.