கரண்ட் போனால் நிற்கிற பாடம் உன் பாடமில்லை

"நான் வெறும் டிரெய்னிங் டீச்சர்தானே" என்ற நினைப்பை வகுப்பறை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போ. அந்த நினைப்பு முகத்தில் தெரியும். நாற்பது பிள்ளைகள் முதல் நிமிடத்திலேயே அதைப் படித்துவிடுவார்கள். நீ எந்தக் கல்லூரி, எத்தனை மார்க், பின்பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிற வழிகாட்டி ஆசிரியர் உனக்கு என்ன எழுதப் போகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. இந்த மிஸ்ஸுக்கு, இந்த சாருக்கு, பாடம் தெரியுமா? நமக்கும் புரிய வைப்பாரா? இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் முப்பது வருட சர்வீஸ் போட்டவரும் நீயும் ஒரே தராசில்தான் நிற்கிறீர்கள்.

பி.எட். படிப்பு இரண்டு ஆண்டாக மாறியபோது, பள்ளியில் குறைந்தது 20 வாரம் இருந்தாக வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லிவிட்டன. முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. அந்தப் பதினாறு வாரம் எப்படிப் போகிறது என்று நான் பார்க்கிறேன். சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ராத்திரி பதினொரு மணி வரை பிபிடி தயாராகிறது. எழுத்துகள் வலப்பக்கத்திலிருந்து பறந்து வருகின்றன, தலைப்பு சுழன்று நிற்கிறது, பின்னணியில் பச்சை வயல். காலையில் பென் டிரைவைப் பத்திரமாகக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறாய். வகுப்பில் கேபிள் சேரவில்லை. சேர்ந்தால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் கரண்ட் இல்லை. அவ்வளவுதான், உன் முகம் வெளிறிவிடுகிறது. பாடம் உன்னிடம் இருந்திருந்தால் முகம் ஏன் வெளிற வேண்டும்? அது பென் டிரைவில் அல்லவா இருந்தது!

கருவி வந்துவிட்டது, இனி ஆசிரியர் எதற்கு என்ற பேச்சைக் கேட்டு உனக்குள் ஒரு நடுக்கம் இருக்கலாம். அந்தப் பேச்சுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பள்ளியில் புத்தகங்கள் சீக்கிரமே பழங்கதையாகிவிடும், இனி எல்லாம் சினிமாப் படச்சுருள்தான் என்று 1913லேயே தாமஸ் எடிசன் அடித்துச் சொன்னார். உலகத்துக்கு மின்விளக்குக் கொடுத்த மூளை அது. இருந்தும் வகுப்பறை விஷயத்தில் அவர் கணக்குத் தப்பிவிட்டது.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள். 1975 ஆகஸ்டில், அமெரிக்காவின் நாசா கொடுத்த செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. மின்சாரமே பார்க்காத ஊர்களும் அவற்றில் உண்டு. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. உலகமே வியந்து பார்த்த சோதனை அது, வியக்க வேண்டியதும்தான். ஓராண்டு முடிந்தது. இரவல் வாங்கிய செயற்கைக்கோள் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருந்தவர் வாத்தியார்.

இன்னும் கிட்டத்துக் காலத்தில் பெரு நாடு. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கிக் குவித்தார்கள். கிராமப்புறத்தில் 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்தார்கள், 2012இல் முடிவு வந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறவில்லை. பெட்டி மாறியது, பாடம் நடத்திய விதம் மாறவில்லை. அந்த இடைவெளியில் நிற்க வேண்டியது யார் என்று இப்போதாவது தெரிகிறதா? நீதான்! பல கோடி செலவழித்தும் நிரப்ப முடியாத இடத்தில் நிற்கப் போகிறவர் 'வெறும்' டிரெய்னிங் டீச்சரா?

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் சாக்பீஸும் கரும்பலகையும் போதும், இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் நமக்கு வேண்டாம்" என்று நழுவப் பார்த்தால் உன்னையும் விடமாட்டேன். அது எளிமையல்ல, சோம்பல். 2018இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023இல் மணற்கேணி செயலி வந்தது. கணக்குக்கு ஜியோஜீப்ரா, அறிவியலுக்கு ஃபெட் என்று உலகத்தரமான கருவிகள் காசில்லாமல் கிடைக்கின்றன. ஃபெட்டைத் தொடங்கிய கார்ல் வீமன் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கியவர். பரிசு கைக்கு வந்த அடுத்த வருடமே, பிள்ளைகளுக்கு இயற்பியலை எப்படிப் புரிய வைப்பது என்ற வேலையில் இறங்கிவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் உனக்காக உழைத்து வைத்ததைத் தொட்டுப் பார்க்காமல் ஒதுக்க உனக்கு என்ன உரிமை?

எதைத் திரையில் காட்டுவது, எதைக் கையில் கொடுப்பது என்ற முடிவை எடுக்கிறவர்தான் ஆசிரியர். அந்த முடிவை மென்பொருள் எடுக்காது. கல்லூரி எடுக்காது. நீ எடுக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் அடர்த்திப் பாடம் வருகிறது என்று வை. முட்டை தண்ணீரில் மூழ்குவதையும் உப்புத் தண்ணீரில் மிதப்பதையும் வீடியோவில் காட்டாதே! இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு பச்சை முட்டை, கைப்பிடி உப்பு. செலவு பத்து ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஸ்பூனைக் கையில் கொடு. ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டுக் கலக்கட்டும். நாலாவது ஸ்பூனா, ஆறாவது ஸ்பூனா என்று வகுப்பே எழுந்து நின்று பார்க்கும். முட்டை லேசாக அசைந்து மேலே வரும்போது கிளம்புகிற சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்கும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், அது உனக்குக் கிடைக்கிற நற்சான்றிதழ்.

அதே பாடத்தில் இரும்பின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,800 கிலோ, பாதரசம் 13,600 கிலோ என்று வரும். அப்படியானால் இரும்பு ஆணி பாதரசத்தில் மிதக்குமா? மிதக்கும். ஆனால் பாதரசத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் திறந்து வைக்கக் கூடாது, அதன் ஆவி நஞ்சு. இங்கேதான் திரையை இறக்கு! வீடியோவைப் போடுவதற்கு முன்னால் "மிதக்குமா, மூழ்குமா?" என்று கேட்டு, கை தூக்கச் சொல்லி, இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் பலகையில் எழுது. பிறகு காட்டு. இரண்டு நிமிட வீடியோ போதும். இதயத்தின் வால்வு திறந்து மூடுவது, எரிமலைக் குழம்பு, மூலக்கூறின் அசைவு, கிரகணத்தின் நிழல் என்று கையால் செய்ய முடியாததற்கும், செய்தால் ஆபத்தானதற்கும், கண்ணுக்கு எட்டாததற்கும் திரை. மற்றதெல்லாம் மேசையில்.

மேசையில் என்று சொன்னதும் லேப் வசதி இல்லையே என்று இழுக்காதே. அரவிந்த் குப்தா ஐஐடி கான்பூரில் படித்த இன்ஜினியர். டெல்கோ ஆலையில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்புப் போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணமும் சதுரமும் கட்டினார். சதுரத்தைத் தள்ளினால் சாய்கிறது, முக்கோணத்தைத் தள்ளினால் அசைய மாட்டேன் என்கிறது. பாலங்களில் ஏன் அத்தனை முக்கோணம் என்பது அந்த நொடியில் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. அதுவும் கல்வித் தொழில்நுட்பம்தான், சார்ஜ் போட வேண்டாம்.

இனி உன் உண்மையான பயத்துக்கு வருகிறேன். புரொஜெக்டர் கெட்டுப்போவதை விட நீ அதிகம் அஞ்சுவது மௌனத்தைத்தான். கேள்வி கேட்கிறாய். வகுப்பு அமைதியாக இருக்கிறது. உன் நெஞ்சு படபடக்கிறது. பின்னால் வழிகாட்டி ஆசிரியர் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. உடனே நீயே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்கு ஓடுகிறாய். ஸ்லைடின் வசதியே அதுதான், மௌனத்துக்கு இடம் தராமல் உன்னைத் தள்ளிக்கொண்டே போகும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் ஏராளமான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி. அனுபவசாலிகளும் சேர்த்துத்தான்! ஆக, இது உன் ஒருத்தியின் குறை, உன் ஒருவனின் குறை என்று குமையாதே. அந்த ஒரு நொடியை மூன்று நொடிக்கு மேல் நீட்டச் சொன்னார். பிள்ளைகளின் பதில் நீளமானது. "தெரியாது" என்பது குறைந்தது. வாய் திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகளே எதிர்க்கேள்வி கேட்டார்கள். 1970களில் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. எந்த ஸ்மார்ட் போர்டும் இத்தனை மலிவாக இவ்வளவு பலன் தந்ததாக நான் அறியேன்.

மூன்று நொடி! கேட்கச் சின்னதாக இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பார், யுகமாக நீளும். அந்த நொடிகளில் தலையைக் குனியாதே, துப்பட்டாவைச் சரி செய்யாதே, சாக்பீஸை உருட்டாதே. நிமிர்ந்து நின்று வகுப்பை ஒரு சுற்றுப் பார். மூன்றாவது வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்து தயங்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொள். தன்னம்பிக்கை என்று மேடையில் முழங்குகிறார்களே, வகுப்பறையில் அதன் நீளம் மூன்று நொடிதான்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் லெசன் பிளான் தருகிறது, நோக்கங்கள் முதல் வீட்டுப்பாடம் வரை. இதைக் கண்டு பேராசிரியர்கள் பதறுகிறார்கள். சீனியரின் ரெக்கார்டை வாங்கி அப்படியே பார்த்தெழுதி, அட்டை மட்டும் புதிதாகப் போட்ட தலைமுறைகள் பதறுவது கொஞ்சம் வேடிக்கைதான். கேட்டு வாங்கு, தப்பில்லை. வாங்கிய பிறகு சிவப்பு மையை எடு. உன் வகுப்பில் ஆங்கில எழுத்தே தடுமாறுகிற பிள்ளைகள் எத்தனை பேர், மீன் பிடிக்கப் போகிற அப்பாவோடு கடலுக்குப் போய் வந்த பையன் யார், உப்பளத்தில் அம்மா வேலை செய்கிற பெண் எந்த பெஞ்ச் என்பதெல்லாம் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அடர்த்திப் பாடத்தில் அந்த உப்பளத்துப் பெண்ணைவிடப் பெரிய வல்லுநர் உன் வகுப்பில் யார்? உப்புத் தண்ணீர் முற்றிவிட்டதா என்று அவள் வீட்டில் தினமும் பார்க்கிறார்கள். அவளை எழுப்பிப் பேசவிடு. எந்த இயந்திரமும் எழுதித் தராத லெசன் பிளான் அங்கே பிறக்கும்.

பாடம் சொதப்பினால்? சொதப்பட்டும்! நுண்ணிலைக் கற்பித்தலை நீ செய்திருப்பாய். 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த முறை, நம் நாட்டில் அதற்கு 36 நிமிடக் கணக்கு வகுத்தார்கள். கற்பிக்க 6, கருத்துக் கேட்க 6, மறுபடி திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக் கேட்க 6. ரெக்கார்டில் கட்டம் போட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்தும் விட்டாய். அந்த எண்களை இன்னொரு முறை பார். பெரிய பங்கு எதற்கு? மறுபடி திட்டமிடுவதற்கு. முதல் தடவை சரியாக வராது என்பதை எதிர்பார்த்தே கட்டிய முறை அது. தடுமாறியவரை வெளியே அனுப்பாமல், 12 நிமிடம் கொடுத்து, போய் மாற்றிக்கொண்டு வா என்கிறது. உன் படிப்பே உன்னை இவ்வளவு நம்புகிறபோது, நீ உன்னை நம்பாமல் ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து அழுதால் எப்படி?

வகுப்பு முடிந்ததும் அந்த 12 நிமிடத்தை எடு. ஸ்டாஃப் ரூம் அரட்டைக்கோ போனுக்கோ கொடுக்காதே. நாலே வரி எழுது. எங்கே பிள்ளைகள் கண் மலர்ந்தது, எங்கே கொட்டாவி வந்தது, எந்தக் கருவி வேலைக்கு உதவியது, எது வெறும் படம் காட்டியது. பறந்து வந்த எழுத்துகளை எல்லாம் அழி. பதினெட்டு ஸ்லைடு இருந்தால் நாலாக்கு. கேபிள் மாட்டத் தெரிந்த பையனைக் கண்டுபிடித்து அந்தப் பொறுப்பை அவனிடம் கொடு. உன்னைவிட அவன் கெட்டிக்காரனாக இருப்பதில் உனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மூன்று நொடி காத்திருக்க வேண்டிய கேள்விகளை நோட்டில் வட்டம் போட்டு வை. கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று கடைசியில் ஒரு வரி எழுதி வை.

பிறகு வழிகாட்டி ஆசிரியரிடம் நேராகப் போ. "சார், ஏ செக்‌ஷனில் எடுத்த இதே பாடத்தை நாளைக்கு பி செக்‌ஷனிலும் நானே எடுக்கட்டுமா?" என்று கேள். மாட்டேன் என்று சொல்கிற ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவருக்கும் ஒரு பீரியட் ஓய்வு கிடைக்கிறதே.