தோணியும் வீடும்

கோலாலம்பூர்த் தமிழ் நாளேடுகளில் வெளிவரும் மரண அறிவிப்புகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இறந்தவரின் படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர்; பின்னர் இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார், இத்தனை பேரக் குழந்தைகளின் தாத்தா என உறவுகளின் நீண்ட வரிசை. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ பல தலைமுறைகளுக்கு இத்தகைய அறிவிப்புகளைச் சுமந்தது. அவற்றைப் படிப்பவர், இறந்தவர் யாருக்கு என்ன முறை என்பதை ஐயமின்றி அறிவார். அதற்கு மேல் அறிவது அரிது.

குடும்பத்திற்கென்றே உழைத்த ஒருவர், ஞாயிறுதோறும் விடியலில் கிள்ளான் கழிமுகத்தில் ஒரு சிறு சம்பானைத் துடுப்பிட்டுச் செல்வதிற் பேரின்பம் கண்டவர் எனக் கொள்க. அவரைப் பற்றிய அறிவிப்பில் அந்தச் சம்பானுக்கு இடமிருக்குமா? பெரும்பாலும் இராது. வீட்டாருக்கு அது ஒரு சிறு கூச்சம். இல்லறத்தானுக்கு இல்லத்தைச் சாராத ஓர் இன்பம் தகுமா? தகுமெனில், அவனை நினைப்போர் அதனையும் சேர்த்து நினைத்தல் கடனாகாதா?

இக்கூச்சத்திற்கு வரலாறும் ஒரு காரணம். கிள்ளான் பள்ளத்தாக்கு படகால் உருவான நிலம். 1857இல் ஈயச் சுரங்கத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, கோம்பாக் ஆறு அதனோடு கலக்குமிடத்தில் இறங்கிய பின்னரே கோலாலம்பூர் தோன்றிற்று. 1886இல் இருப்புப்பாதை வந்ததும் ஆற்றின் மதிப்புக் குறைந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் பெருகின. 1901இல் திறக்கப்பெற்று, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் தமிழர் பல்லாயிரவர் கப்பலிலிருந்து இறங்கினர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வின் பெயர் முதியோர் நாவில் நெடுங்காலம் நின்றது. அவர்களுக்கு நீர் என்றால் பிரிவு. கப்பல் என்றால் பிழைப்பு. பொழுதுபோக்காகப் படகேறுவது, அவர்கள் கண்ணுக்குத் தம் பிரிவையே விளையாட்டாக்குவதுபோல் தோன்றியிருக்கலாம். துறைமுகத்தில் நாள் முழுதும் மூட்டை சுமந்தவனிடம் படகு சவாரியின் இன்பத்தைப் பேசினால் அவன் சிரிப்பான். அச்சிரிப்பில் நியாயமும் உண்டு.

இவ்விடத்தில் திருவள்ளுவரை நாடுதல் தகும். இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் பேணவேண்டிய ஐவரை அவர் எண்ணுகிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்னும் நால்வருக்குப் பின் ‘தான்’ என்பதனையும் சேர்க்கிறார். குறளை மனனம் செய்யும் மாணவர் இந்த ஐந்தாவதை விரைந்து கடந்துவிடுவர். அறம் செய்தற்கு ஒருவன் முதலில் உயிரோடிருக்க வேண்டுமாதலின் தன்னைப் பேணுவதும் அறமே எனப் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். இக்காரணம் சரியெனினும் போதியதன்று. உழவேண்டும் என்பதற்காக எருதுக்கும் வைக்கோல் இடுவர். ‘தான்’ என்பது பிற நால்வருக்கு உழைக்கும் கருவி மட்டுமேயாயின், அதனை அவர்களோடு ஒரே வரிசையில் வள்ளுவர் நிறுத்துவானேன்? விருந்தினரைப் பேணுவது அவரால் வரும் பயன் கருதியன்று. தன்னைப் பேணுவதும் அங்ஙனமே எனக் கொள்ளலாமன்றோ? அவ்வாறு கொண்டால், ஞாயிற்றுக்கிழமைச் சம்பான் இல்லறத்திற்குப் புறம்பானதாகாது.

ஆயினும் ‘தான்’ ஐந்தாவதாகவே நிற்கிறது என்பதையும் மறத்தலாகாது. 1932இல் இந்தியாவின் காசியாபாத்தில், ரயில்வேயிற் பணியாற்றிய ஒருவரின் மகனாகப் பிறந்த ஆங்கிலேயர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். மனைவியும் நான்கு மக்களும் கொண்ட குடும்பத்தில் அன்பு மிக்கவர். ஓய்வு நாட்களில் பாய்மரப் படகோட்டி மகிழ்ந்தவர். அவ்வளவில் நின்றிருந்தால் உலகம் அவரை அறிந்திராது. அவர் நெடுநாள் வாழ்ந்துமிருக்கலாம். நலிந்துவந்த தம் தொழிலைக் காக்கும் பொருட்டு, எங்கும் நில்லாது தனியே உலகைச் சுற்றிவரும் படகுப் போட்டியில் 1968 அக்டோபர் இறுதியிற் புறப்பட்டார். அவருடைய படகு தென்கடல்களின் சீற்றத்தைத் தாங்காதென்பது வழியிலேயே விளங்கிற்று. திரும்பினால் கடனில் எல்லாம் போகும்; மேற்சென்றால் உயிர் போகும். அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகை வலம்வருவதாகப் பொய்யான இருப்பிடங்களை வானொலி வழியே அறிவித்தார். 1969 ஜூலை 10ஆம் நாள் ஆளற்ற படகு மட்டும் கண்டெடுக்கப்பட்டது. போட்டியை முடித்த ஒரே வீரரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், தாம் பெற்ற 5,000 பவுண்டு பரிசை அக்குடும்பத்திற்கே அளித்தார்.

இதனைப் படகின்மேல் வைத்த ஆசையால் வந்த கேடு என்று சொல்வது எளிது, ஆனால் பிழை. படகு இன்பமாக மட்டும் இருந்தவரை அது அக்குடும்பத்திற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. கடனைத் தீர்க்கவும் மானத்தைக் காக்கவும் அது கருவியானபோதுதான் வீட்டைப் பணயமாகக் கேட்டது. அதே போட்டியில் கலந்துகொண்ட பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மொய்ட்டெஸ்ஸியே பொய் சொல்லவில்லை; பரிசைத் துறந்து, தம் மனைவி காத்திருந்த நாட்டிற்குத் திரும்பாமல் தாஹித்தித் தீவிற்குச் சென்றார். ‘தானை’ முதலிடத்தில் வைத்தவர் அவர். அவருடைய நேர்மையைப் போற்றலாம். அவரை இல்லறத்தான் எனல் இயலாது.

பொது வாழ்வினரின் நினைவில் அநீதி மறுதிசையில் நிகழ்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ.உ.சிதம்பரனாரைத் தமிழுலகம் கப்பலாலேயே அறியும். 1961இல் வெளிவந்த திரைப்படமும் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்றே பெயர் பெற்றது. அவருக்குக் கப்பல் பொழுதுபோக்கன்று, போராட்டம். எனினும் 1908இல் அவர் சிறை புகுந்தபோது வீட்டுச் சுமையைத் தாங்கிய மீனாட்சி அம்மையாரையும், 1912 டிசம்பரில் விடுதலையான பின் குடும்பத்திற்காகச் சென்னையிற் கடை வைத்துத் துன்புற்ற தந்தையையும் மேடைகள் அரிதாகவே நினைக்கின்றன. அங்கே கப்பல் வீட்டை மறைத்தது. நாளேட்டு அறிவிப்பில் வீடு தோணியை மறைக்கிறது.

பண்டைத் தமிழர் இதில் இன்னும் தாராளமாக இருந்தனர். நடுகல்லில் வீரனை அவன் ஏந்திய படைக்கலத்தோடு செதுக்கினர். திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூரிலுள்ள பல்லவர் காலத்து நடுகல்லில், வீரனோடு நின்ற நாயின் உருவமும் உண்டு. ‘கோவிவன்’ என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரை எழுதியதால் வீரனின் பெருமை குறைந்ததாக அக்காலத்தவர் கருதியிருக்க மாட்டார்கள்.

அஸ்தி கரைக்கப் போர்ட் கிள்ளானுக்கு வரும் குடும்பத்தார், வாடகைப் படகொன்றை அமர்த்திக் கழிமுகம் தாண்டிச் செல்வதுண்டு. சம்பானிலே தனியே சென்றுவந்தவரின் மக்கள் அன்றுதான் முதன்முறையாக அந்நீரில் அவரோடு செல்வர். அப்பா எந்தப் பக்கமாய்ப் போவார் என்று படகோட்டியிடம் வினவும் மகனும் அப்படகில் இருக்கலாம்; சடங்கு எப்போது முடியுமெனக் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மகனும் இருக்கலாம். நாளேட்டிற்கு நன்றி அறிவிப்பை எழுதப்போகிறவர்கள் இவ்விருவருமே.