பிடிக்கலேன்னா மாத்தித் தருவீங்களா?

தி.நகரில் பெரிய துணிக்கடை எதிலாவது பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு விஷயம் காதில் விழும். அதுவரை “இதே பார்டர்ல வேற கலர் எடுங்கம்மா”, “கொஞ்சம் குறைச்சுப் போடுங்கண்ணே” என்று தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள், பணம் கட்டப் போகும்போது குரலை மாற்றிக்கொள்கிறார்கள். “வாட் இஸ் யுவர் எக்ஸ்சேஞ்ச் பாலிசி? ஹவ் மெனி டேஸ்?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கத் தெரியாதவர்கள் அந்தக் கேள்வியைத் தமிழிலும் கேட்பதில்லை. பையை வாங்கிக்கொண்டு பேசாமல் படி இறங்கிவிடுகிறார்கள். இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் அந்தக் கேள்வி ஏன் நாக்கில் வர மறுக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் காரணம், சகுனம். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, “பிடிக்கலேன்னா மாத்தித் தருவாங்களான்னு கேட்டுக்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டேன். பக்கத்தில் இருந்த அத்தை என் கையை அழுத்தினார். “எடுக்கும்போதே ஏன்டி திருப்பிக் குடுக்கறதைப் பத்திப் பேசறே? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு.” அத்தை சொன்னதில் கோபம் இல்லை, நிஜமான பயம் இருந்தது. முகூர்த்தப் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது வேண்டாமல் போகும் நாளைப் பற்றிப் பேசினால் அது பலித்துவிடும் என்று நினைக்கிற மனசு அது. அடுத்த நிமிடம் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் அதே கேள்வியைக் கவுன்டரில் ஆங்கிலத்தில் கேட்டாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் சொன்னது அவருக்குச் சகுனமாகப் படவில்லை. கடைக்காரருக்கும் அவளுக்கும் நடந்த ஏதோ கணக்கு வழக்கு என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது என்று நினைக்கிறேன். நம்முடைய பழைய கடைகளில் இந்தக் கேள்விக்கே இடம் இருந்ததில்லை. தெருமுனை மளிகைக் கடையில் தேங்காய் வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து உடைத்தால் உள்ளே அழுகல். இரண்டு மூடியையும் அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பப் போனால், அண்ணாச்சி வாங்கி மோந்துகூடப் பார்க்க மாட்டார். ஓரமாக வைத்துவிட்டு, வேறு காயை எடுத்துக் காதோரம் ஆட்டி, விரலால் சுண்டிப் பார்த்துத் தருவார். பில் கிடையாது, எத்தனை நாள் என்ற கணக்கு கிடையாது. நாளைக்கும் நாம் அந்தக் கடைக்குத்தான் வரப்போகிறோம் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அங்கே போய் “அழுகியிருந்தா மாத்தித் தருவீங்களா?” என்று முன்கூட்டியே கேட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும்.

நாம் அந்தப் பழக்கத்தையே மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் கடைகளுக்கும் கொண்டுபோகிறோம். ஆனால் அங்கே நம் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நேற்றுப் புடவை காட்டிய பெண் இன்றைக்கு வேறு தளத்தில் இருப்பார். அந்தக் கடைக்கு நம்மை ஞாபகப்படுத்துவது கையிலிருக்கும் பில் ஒன்றுதான். முகம் தெரியாத இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் யாரையும் அவமதிப்பதாக எதுவும் இல்லை. இது புத்தியில் ஏறிவிட்டாலும் நாக்குக்கு ஏற நாளாகிறது. அதனால்தான் படித்தவர்கள் ஆங்கிலத்தின் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். அந்த மொழியில் அத்தையும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை, கூச்சப்படவும் யாரும் இல்லை.

கூச்சம் போகிறது என்பதோடு நின்றிருந்தால் நான் பெரிதாக வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஆங்கிலத்தில் கேட்டால் மரியாதையும் கூடக் கிடைக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் மிக்ஸி வாங்கினார். இட்லி மாவுக்கும் சட்னிக்கும் அதுவரை பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர். முதல் தடவை தேங்காய்ச் சட்னி அரைத்தபோதே கருகல் வாடை. இரண்டாம் தடவை புகை. பில்லோடு கடைக்குப் போயிருக்கிறார். “நாங்க வித்ததோட சரி. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என்னிடம் வந்து, “நீங்க வந்து இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா, குடுத்துருவாங்க” என்றார்.

போனேன். மேனேஜர் என்று உட்கார்ந்திருந்தவரிடம் பில்லை நீட்டி, பொருள் பழுது, வேறு வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மிக்ஸிக்குச் சொந்தக்காரர் என் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு நாற்காலி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரிக்காத புதுப் பெட்டி ஒன்று வந்தது. அவர்களே பிளக்கில் செருகி ஓட்டிக் காட்டினார்கள்.

நான் சொன்னது இரண்டு வாக்கியம். முதல் நாள் அவர் தமிழில் சொன்னதோ அதைவிட எவ்வளவோ விவரமானது. எந்த ஜாரில் போட்டார், எந்த ஸ்பீடில் வைத்தார், எவ்வளவு தண்ணீர் விட்டார், வாடை எப்போது வந்தது என்று எல்லாமே அதில் இருந்தது. ஒரு மெக்கானிக்குக்குப் போதுமான தகவல். அதைக் கேட்க அந்தக் கடையில் ஆள் இல்லை. திரும்பும்போது ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் சந்தோஷமாக வந்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இங்கிலீஷ் பேசினால் காரியம் நடக்கும் என்பதை அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்துவிட்டார். தன் கையில் இருந்த பில்லே அந்தக் காரியத்துக்குப் போதும் என்பதை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

போதும் என்பது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை, சட்டமே அதைத்தான் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழுதான பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் இருக்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். பில் தராமல் இருப்பதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லின் அடியில் அச்சடிப்பது முறையில்லை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 1999-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. இத்தனைக்குப் பிறகும் அந்த வரி பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், இன்னமும் பல பில்களில் இருக்கிறது.

தகராறு என்று வந்தால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வாடிக்கையாளர் எந்த மொழியில் பேசுகிறார் என்பதை வைத்து இந்த உரிமையை எந்த இடத்திலும் பிரிக்கவில்லை.

இதில் நாம் தலைகீழாக நடந்துகொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழுதான பொருளை மாற்றித் தருவது கடையின் கடமை. அங்கே போய்க் கெஞ்சுகிறோம். பழுது ஒன்றும் இல்லை, வீட்டில் விரித்துப் பார்த்தால் நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்றால் கடை அதைத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. அது அந்தந்தக் கடையின் விருப்பம். அதனால் வாயைத் திறந்து கேட்க வேண்டிய இடமே இதுதான். இங்கேதான் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

வெளிநாட்டில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அதுவும் முழுக்கச் சரியில்லை. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் கடையில் நேரில் பார்த்து வாங்கிய நல்ல பொருள் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயும் கடைக்காரர் வைத்ததுதான் சட்டம். எல்லோரும் ஆங்கிலம் பேசும் ஊரிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் கேட்பதால் நம்மூரில் இன்னொரு கெடுதல் நடக்கிறது. துணிக்கடைகளில் நமக்கு எடுத்துப் போடும் பிள்ளைகளில் பலர் தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்து, கடை கொடுத்த இடத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள். 2010-இல் வந்த ‘அங்காடித் தெரு’ படம் அவர்கள் வாழ்க்கையை நம் எல்லோருக்கும் காட்டியது. கடை ஊழியர்கள் உட்கார ஒரு இருக்கை போட வேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது. அப்படி நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண்ணிடம் வேகமான ஆங்கிலத்தில் “கேன் ஐ ரிட்டர்ன் இட்? ரீஃபண்ட் ஆர் கிரெடிட் நோட்?” என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? “எஸ் மேடம்” என்பார். கேள்வி முழுசாகப் புரிந்திருக்காது. புரிந்தாலும், தெரியாது என்று சொன்னால் விற்பனை போய்விடும், சூப்பர்வைசர் திட்டுவார். அந்த ‘எஸ்’ஸை நம்பி நாலு நாள் கழித்துப் போனால், கவுன்டரில் முடியாது என்பார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நம் எதிரிலேயே கடிந்துகொள்வார்கள். பதில் சொல்லும் அதிகாரம் இல்லாதவரிடம், அவருக்குச் சரளமில்லாத மொழியில் கேட்டு வாங்கிய உறுதியால் இரண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்லை.

தமிழில் நிதானமாகக் கேட்டால் விவரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எத்தனை நாள் என்பதோடு முடிகிற கேள்வி இல்லை இது. பணமாகத் தருவார்களா, வேறு துணி மட்டும்தானா? ஃபால்ஸ் அடித்துவிட்டால் புடவையை வாங்க மாட்டார்கள் என்பது பலருக்குத் தைத்த பிறகுதான் தெரிகிறது. ஆடித் தள்ளுபடியில் எடுத்ததற்குத் தனிக் கணக்கு. இதே கடையின் வேறு கிளையில் மாற்ற முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் அவசியம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, சொன்னதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்வது உத்தமம். வெப்பத்தில் அச்சாகும் அந்த வழவழப்பான பில் சில மாதத்தில் வெளிறிப்போகும் என்பதால், வாரண்டி உள்ள பொருள் என்றால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. ஃபிளிப்கார்ட், அமேசான் செயலிகள் 2020-இல் தமிழிலும் வந்தன. எங்கள் தெருவில் பள்ளிப்படிப்பைத் தாண்டாத பெண்கள்கூட அவற்றில் செருப்பு வாங்கி, சின்னதாக இருந்தால் ஒரு கூச்சமும் இல்லாமல் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே யாருடைய முகத்தையும் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. அளவு சேரவில்லை என்ற காரணத்தை விரலால் தொட்டால் பையன் வந்து வாங்கிக்கொண்டு போகிறான். திருப்பிக் கொடுப்பது தப்பில்லை என்பது இவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆளுக்கு எதிரே நிற்கும்போதுதான் அது தொண்டையில் நின்றுவிடுகிறது.

அதனால் நான் இப்போதெல்லாம் வேண்டுமென்றே தமிழில், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்கிறேன். போன மாதம் ஒரு செருப்புக் கடையில், “தம்பி, வீட்டுல போட்டுப் பாத்து அளவு சேரலேன்னா மாத்தித் தருவீங்களா? எத்தனை நாளைக்குள்ள வரணும்?” என்றேன். அந்தப் பையன் தெரியாது என்று சொல்லத் தயங்கவில்லை. “ஒரு நிமிஷம்க்கா, கேட்டுட்டு வரேன்” என்று கல்லாவுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். “ஏழு நாள்க்கா. தெருவுல போட்டு நடந்திருக்கக் கூடாது. காசா தர மாட்டாங்க, வேற ஜோடி எடுத்துக்கலாம்.” பில்லின் பின்பக்கம் அதை எழுதியும் கொடுத்தான். பக்கத்தில் குழந்தைக்குப் பள்ளிக்கூட ஷூ பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, “அப்ப எனக்கும் அப்படியே எழுதிக் குடு தம்பி” என்று தன் பில்லை நீட்டினார்.