வெல்லும் ஆட்டமும் விடும் நெறியும்

ஏழு வியசனங்களுள் சூதினை முதலில் வைத்து விலக்கியது நம் அறம். ஆதலின் ஆட்டம் எதுவாயினும் அதனை ஐயத்தோடு நோக்குதல் நமக்கு இயல்பு. ஆனால் ஜப்பானியர் 'இகோ' என்றும் மேலைநாட்டார் 'கோ' என்றும் வழங்கும் பலகையாட்டத்தை ஜென் தியானத்தோடு இணைத்துப் பேசுவோர் பலர் உளர். இடத்தை வளைத்துத் தனதாக்குவதே நோக்கமாகிய ஓர் ஆட்டம், பற்றை விடுக்கும் பயிற்சியாதல் கூடுமோ? இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

நெடுக்கில் 19, குறுக்கில் 19 கோடுகள். அவை கூடும் புள்ளிகள் 361. ஒருவர் கருங்கல்லும் மற்றவர் வெண்கல்லுமாக மாறிமாறி வைப்பர். வைத்த கல் நகராது. முற்றும் சூழப்பட்டால் அகற்றப்படும். பகடை இல்லை. ஆதலின் வடிவத்தால் இது சூதன்று. எனினும், பகடையும் பணயமும் இன்றியே வெல்லும் வெறி மூளும் என்பதை நாம் அறிவோம்.

சீனத்தில் பிறந்த இவ்வாட்டம் ஜென் நெறிக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. ஜப்பானில் இதன் பேராசிரியராய் விளங்கிய ஹொனின்போ சான்சா பௌத்தத் துறவியே. ஆயினும் நிச்சிரென் பிரிவினர், ஜென் பிரிவினர் அல்லர். எனவே வரலாற்றைக் காட்டி இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது. ஒப்புமையை ஆடுவோர் உள்ளத்திலேயே தேடல் வேண்டும்.

ஒரு கல்லை இருவரும் முடிவின்றி மாறிமாறி வெட்டிக்கொள்ளும் நிலை ஒன்று ஆட்டத்தில் உண்டு. அதனைக் குறிக்கும் எழுத்தே சீன பௌத்த நூல்களில் 'கல்பம்' என்னும் பேரளவுக் காலத்தையும் குறிக்கும். உத்சர்ப்பிணியும் அவசர்ப்பிணியும் கூடிய கல்பகாலத்தை அறிந்த நமக்கு இச்சொல் புதிதன்று. அந்நிலையில், வெட்டுண்டவர் உடனே திருப்பி வெட்டலாகாது. வேறிடத்தில் ஒரு கல் வைத்த பின்னரே மீளலாம் என்பது விதி. குரோதத்திற்கு இட்ட கடிவாளம் போல்வது இது.

லோபத்திற்கும் ஒரு பாடம் உண்டு. தாங் மரபின் காலத்து வாங் ஜீஷின் வகுத்தனவாகக் கூறப்படும் பத்து விதிகளுள் முதலாவது, வெற்றியில் பேராசை கூடாதென்பது. சில கற்களை விட்டுவிடுக என்பது வேறொன்று. கேட்க இனிய அறிவுரை! ஆனால் வெல்வதற்காகவே விட்டால் அது துறவாகுமோ? பயன் கருதித் தவம் செய்தலை 'நிதானம்' என்னும் சல்லியமாக, உள்ளே தைத்த முள்ளாக, நம் நூல்கள் கூறும். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜென் ஆசான் டோகெனும், எதனையும் அடையக் கருதாது அமர்தலையே பயிற்சி என்றார். ஆட்டமோ நோக்கமின்றி நடவாது. ஆகவே ஆடுதலே தியானம் என்பாரோடு நாம் உடன்படுதற்கில்லை.

ஆயினும் ஆட்டம் முடிந்தபின் நிகழ்வதொன்று நம் கருத்தை ஈர்க்கின்றது. இருவரும் அதே பலகையில் முதற்கல்லிலிருந்து நினைவால் மீண்டும் வைத்து, பிழைகளை ஆராய்வர். தோற்றவர் மட்டுமன்றி, வென்றவரும் தாம் தவறிய இடத்தைக் காட்டுவார். அப்போது வெல்வதற்கு எதுவும் எஞ்சியிராது. உண்மையைக் காண்பதொன்றே எஞ்சும். பற்று நீங்கும் கணம் இதுவே என்க.

2016 மார்ச்சில் ஆல்பாகோ என்னும் கணினி நிரல், கொரிய வல்லுநர் லீ செடோலை 5 ஆட்டங்களுள் நான்கில் வென்றது. வெற்றியே பயனாயின் மாந்தர் அன்றே பலகையை மூடியிருப்பர். இன்றும் ஆடுகின்றனர், ஆடியபின் அமர்ந்து ஆராய்கின்றனர்.

இவ்வாராய்ச்சிக்கு நம் அறத்தில் பிரதிக்கிரமணம் என்று பெயர். இரண்டு நாழிகை சாமாயிகத்தில் அமரும் நாம், பெரும்பாலும் இழப்புற்ற நாளிலேயே நம் குற்றங்களை எண்ணுகின்றோம். வாணிகத்தில் ஆதாயம் கண்ட நாளில், வழக்கில் வென்ற நாளில், உடன்பிறந்தாரோடு பாகம் பிரித்து நல்ல நிலத்தைப் பெற்ற நாளில், எங்கே தவறினோம் என்று எண்ணுகின்றோமா? தோற்றவன் தன் பிழையைத் தேடுதல் எளிது. வென்றவன் தேடுதலே அரிது; அதுவே தவம். இன்றிரவு அதனைத் தொடங்குவோமாக.